இடிக்க யாரும் வராத தெரு: லாஸ் ஏஞ்சல்ஸ் பிராட்வேயின் திரையரங்குகள்

லாஸ் ஏஞ்சல்ஸையும் சினிமாவையும் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் ஹாலிவுட்தான் ஞாபகம் வரும். மலைச்சரிவில் நிற்கும் வெள்ளை எழுத்துகள், நடிகர்களின் கைத்தடம் பதிந்த சைனீஸ் தியேட்டர் முற்றம். ஆனால் அந்த நகரத்து மக்கள் சினிமா பார்க்கப் பழகிய இடம் அதுவல்ல. ஹாலிவுட்டிலிருந்து தென்கிழக்கே பத்து கிலோமீட்டர் போனால் டவுன்டவுன் வரும். அங்கே பிராட்வே என்று ஒரு தெரு. மூன்றாம் தெருவுக்கும் ஒலிம்பிக் சாலைக்கும் நடுவே, காலாற நடந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரத்தில், 12 பழைய திரையரங்குகள் இன்றும் நிற்கின்றன. எல்லாமே 1910க்கும் 1931க்கும் இடையில் கட்டப்பட்டவை. அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் இந்தத் தெரு 1979இல் இடம்பெற்றது. ஒரு திரையரங்கு வட்டாரம் முழுசாக அந்தப் பதிவேட்டில் ஏறியது அதுதான் முதல் முறை.

இந்தத் தெருவின் கதையை வழக்கமாக ஒரே மாதிரி சொல்வார்கள். 1940கள் வரை பொற்காலம், அப்புறம் ஐம்பது வருட வீழ்ச்சி, 2000க்குப் பிறகு மறுமலர்ச்சி. முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் ஓரளவு சரி. நடுவில் உள்ள அந்த ‘வீழ்ச்சி’தான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால், மற்ற அமெரிக்க நகரங்களில் இதே வயதுடைய திரையரங்குகள் அந்த ஐம்பது வருடத்தில்தான் தரைமட்டமாயின. நியூயார்க்கின் ராக்ஸி 1960இல் போனது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபாக்ஸ் 1963இல் போனது. லாஸ் ஏஞ்சல்ஸ் பிராட்வேயில் மட்டும் ஏன் இத்தனை தப்பின? வீழ்ச்சி என்று ஒதுக்கிய அந்தக் காலத்துக்குள்தான் இதற்குப் பதில் இருக்கிறது.

முதலில் தெரு எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம். இந்த நகரத்தில் நாடகத்துக்கென்று கட்டிய முதல் அரங்கம் மெர்சிட் தியேட்டர், 1870. அது இருந்தது மெயின் தெருவில், பழைய மெக்சிகோ காலத்துப் பிளாசா சதுக்கத்துக்குப் பக்கத்தில். 1902இல் தாமஸ் டாலி சினிமாவுக்காகவே ஒரு கூடத்தைத் திறந்ததும் மெயின் தெருவில்தான். பிராட்வே அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. 1890 வரை அதற்குப் பெயரே ஃபோர்ட் தெரு. நகரத்தின் மக்கள்தொகை 1900இல் ஒரு லட்சத்துச் சொச்சம், 1910இல் மூன்று லட்சத்துக்கு மேல், 1930இல் 12 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேரையும் நகர மையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவை டிராம்கள். புறநகர்களுக்குப் போகும் பசிபிக் எலக்ட்ரிக்கின் சிவப்பு வண்டிகள், நகருக்குள் ஓடும் லாஸ் ஏஞ்சல்ஸ் ரயில்வேயின் மஞ்சள் வண்டிகள். இறங்கினால் புல்லக்ஸ், ஹாம்பர்கர்ஸ் போன்ற பெரிய பல்பொருள் அங்காடிகள். சாமான் வாங்கிவிட்டு, கையில் பொட்டலத்தோடு ஒரு ஷோ பார்த்துவிட்டு, டிராம் ஏறி வீட்டுக்குப் போவார்கள். ஒரு திரையரங்கு பிழைக்க வேறென்ன வேண்டும்?

1910இல் திறந்தவை இரண்டு. ஒன்று க்ளூன்ஸ் பிராட்வே. பிற்காலத்தில் கேமியோ என்று பெயர் மாறியது. இன்னொன்று பக்கத்திலேயே எழுந்த பான்டேஜஸ். அது பின்னால் ஆர்கேட் ஆனது. க்ளூன்ஸ் படம் காட்டுவதற்கே கட்டப்பட்டது. பான்டேஜஸ் வாடெவில் மேடை. வாடெவில் என்பது பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வித்தை, பழக்கிய விலங்குகள் என்று துண்டு துண்டாக வரும் கலப்பு நிகழ்ச்சி. இந்தக் கலைஞர்கள் ஒரு நிறுவனத்தின் அரங்குகளில் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். அப்படிப்பட்ட பெரிய சங்கிலி ஒன்றின் பெயர் ஆர்ஃபியம். அது 1911இல் பிராட்வேயில் ஓர் அரங்கம் கட்டியது. கட்டடக் கலைஞர் ஜி. ஆல்பர்ட் லான்ஸ்பர்க். ஃபிளாரன்ஸ் நகரத்து மாளிகை போன்ற முகப்பில் வாடெவில்லின் நான்கு கலைத்தேவதைகளைச் செதுக்கினார் டொமிங்கோ மோரா என்ற ஸ்பானியச் சிற்பி. 1926இல் இதே ஆர்ஃபியம் தெருவில் இன்னும் கீழே புதிதாக ஒரு பெரிய அரங்கம் கட்டிக்கொண்டு போனதும், பழையது பேலஸ் என்று பெயர் மாறியது.

பேலஸ் ஒலிபெருக்கி வராத காலத்தின் அரங்கம். நடிகரின் குரல் கடைசி வரிசைவரை தானாகவே போய்ச் சேர வேண்டும். அதனால் இருக்கைகளைப் பின்னால் நீட்டாமல் மேலே அடுக்கினார்கள், இரண்டு பால்கனிகளாக. மேல் பால்கனிக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு. கறுப்பின மக்கள் அந்த வழியாகத்தான் ஏறிப் போக வேண்டும், அங்கேதான் உட்கார வேண்டும். சலவைக்கல் லாபியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நிகழ்ச்சி பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். இந்தத் தெருவின் அழகைப் பற்றி எழுதும்போது அந்தத் தனிப் படிக்கட்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

1918 பிப்ரவரியில் சிட் கிராமன் என்ற திரையரங்கு நடத்துநர் வந்து சேர்ந்தார். மூன்றாம் தெரு முனையில் அவர் திறந்த அரங்கத்தின் பெயரே மில்லியன் டாலர் தியேட்டர். சுமார் 2,300 இருக்கைகள். ஸ்பெயின் நாட்டுத் தேவாலய முகப்பு போல நெரிசலான அலங்காரம். உற்றுப் பார்த்தால் புனிதர்கள் நிற்க வேண்டிய இடங்களில் காட்டெருமைத் தலைகள், நீண்ட கொம்பு மாட்டு மண்டையோடுகள், கூத்தாடும் பெண்கள் எல்லாம் இருக்கும். செதுக்கியவர் ஜோசப் மோரா. பேலஸ் முகப்பைச் செதுக்கிய டொமிங்கோவின் மகன். அரங்கத்தின் தலைக்கு மேல் 12 மாடி அலுவலகக் கட்டடம். இந்த அமைப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பிராட்வேயின் பெரிய அரங்குகள் பல தனிக் கட்டடங்கள் கிடையாது. முன்பக்கம் தெருவைப் பார்த்துக் கடைகள், மேலே அலுவலகங்கள், பின்னால் அரங்கம். 1921இல் ஏழாம் தெரு முனையில் வந்த லோவ்ஸ் ஸ்டேட்டும் இப்படித்தான், 12 மாடிச் செங்கல் கட்டடத்தின் வயிற்றுக்குள் 2,450 இருக்கைகள். உயரத்துக்கு 150 அடி என்று நகராட்சி வரம்பு வைத்திருந்ததால் எல்லாக் கட்டடங்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றன.

கிராமனின் தனித்திறமை, படத்துக்கு முன்னால் அதன் கதைக்குப் பொருத்தமாக மேடை நிகழ்ச்சி ஒன்றை நடத்துவது. இசைக்குழு, ஆட்டக்காரர்கள், மேடை ஜோடனை எல்லாம் உண்டு. 1923இல் ஆறாம் தெருவும் ஹில் தெருவும் சேரும் முனையில் 3,600 இருக்கைகளோடு மெட்ரோபாலிடன் என்ற பேரரங்கத்தையும் திறந்தார். ஆனால் அவர் மனசு அதற்குள் வேறு பக்கம் போய்விட்டிருந்தது. 1922இல் ஹாலிவுட் பூலவார்டில் எகிப்தியன், 1927இல் அதே சாலையில் சைனீஸ். நட்சத்திரங்கள் காரில் வந்து இறங்கும் முதல் காட்சிகள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே இடம்பெயர்ந்தன. பிராட்வேக்கு முதல் அடி கொடுத்தது தொலைக்காட்சி என்று பலரும் எழுதுகிறார்கள். தொலைக்காட்சி வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்பே, மினுமினுப்பின் முதல் பங்கை ஹாலிவுட் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

காரும் அப்போதே வந்துவிட்டது. 1920 ஏப்ரலில் டவுன்டவுனில் பகல் நேரத்தில் கார் நிறுத்தக் கூடாது என்று நகராட்சி தடை போட்டது. டிராம்கள் நகர முடியாமல் தவித்ததுதான் காரணம். கடைக்காரர்கள் கொதித்தார்கள். க்ளாரா கிம்பல் யங் என்ற நடிகை முன்னின்று ஒரு கார் ஊர்வலமே நடந்தது. சில வாரங்களில் தடை தளர்ந்தது. இந்த ஊரில் கார் வைத்திருப்பவரின் பேச்சு எடுபடும் என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம். கார் வைத்திருப்பவருக்கு நெரிசலான பிராட்வேயைவிட, இடம் தாராளமாக இருக்கும் ஹாலிவுட்டும் வில்ஷயர் சாலையும் வசதி.

இருந்தும் 1920களில் பிராட்வேயில் கட்டுவது நிற்கவில்லை. 1927 அக்டோபரில் எட்டாம் தெரு முனையில் டவர் தியேட்டர். எஸ். சார்லஸ் லீ என்ற இளம் கட்டடக் கலைஞர் வரைந்த முதல் திரையரங்கு அது. கையளவு நிலத்தில் 900 இருக்கைகளையும் பாரிஸ் ஓபரா பாணிப் படிக்கட்டையும் ஒரு மணிக்கூண்டையும் பொருத்தினார். பேசும் படத்துக்கான ஒலிக் கருவிகளோடு நகரத்தில் முதலில் தயாரானதும் அதுதான். அதே ஆண்டு டிசம்பர் 26இல் தெருவின் தென்கோடியில் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் தியேட்டர், மேரி பிக்ஃபோர்ட் நடித்த படத்தோடு திறந்தது. பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், சாப்ளின், கிரிஃபித் நால்வரும் சேர்ந்து 1919இல் தொடங்கிய நிறுவனம் அது. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் படத்தைத் தங்கள் அரங்குகளிலேயே போட்டுக்கொண்டதால், நடிகர்கள் தங்கள் படத்துக்குத் தாங்களே அரங்கம் தேட வேண்டியிருந்தது. பிக்ஃபோர்டுக்கு ஸ்பெயினின் தேவாலயங்கள்மேல் பிரியம். அதனால் உள்ளே நுழைந்தால் கோதிக் கோயில் மாதிரி இருக்கும். கூரைக் கவிகையில் சின்னச் சின்னக் கண்ணாடிகள் ஆயிரக்கணக்கில் பதிந்து மின்னும்.

ஆனால் இந்தத் தெருவில் ஒரே ஒரு அரங்கத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் கைகாட்டுவது லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டரைத்தான். கட்டியவர் எச். எல். கம்பினர், டவரைக் கட்டிய அதே ஆள். வரைந்தவர் அதே லீ. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபாக்ஸைப் பார்த்து மயங்கிய கம்பினர், பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, ஆறு மாதத்துக்குள் இதை எழுப்பினார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடம் மாதிரி லாபி, படிக்கட்டின் உச்சியில் ஸ்படிகம் தொங்கும் நீரூற்று. இதெல்லாம் படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். என்னை அசர வைப்பவை படத்தில் வராத வசதிகள். அழும் குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு ஒலி வெளியே போகாத கண்ணாடி அறை. அங்கிருந்தே படம் பார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்குச் சர்க்கஸ் கூடாரம் போல அலங்கரித்த விளையாட்டு அறை. இருட்டில் தடுமாறாமல் நடக்க, நடைவழித் தரையிலேயே பதித்த நியான் விளக்கு. எந்தெந்த இருக்கை காலி என்று பணியாட்களுக்குக் காட்டும் மின்பலகை. கீழ்த்தளத்தில் உணவகம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் படத்தைத் தவற விடாதபடி, மேலே ஓடும் காட்சியைப் பட்டகக் கண்ணாடிகள் வழியாகக் கீழே ஒரு சின்னத் திரைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. பெண்கள் கழிப்பறையில் ஒவ்வொரு அறைக்கும் வேறு வேறு நிறச் சலவைக்கல். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற தையல்காரப் பெண் இரண்டு மணி நேரத்துக்கு அரசியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். காட்சி நடைபாதையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது லீ அடிக்கடி சொன்ன வாசகம்.

1931 ஜனவரி 30இல் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தோடு திறப்பு விழா. விருந்தினர்களில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் இருந்தார். மூன்றாவது ரீல் முடிந்ததும் திடீரென்று படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. இந்த அழகிய அரங்கத்தின் சிறப்புகளைச் சற்று எடுத்துச் சொல்கிறோம் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல். சாப்ளின் கோபம் தலைக்கேற, மேலாளரைத் தேடிக்கொண்டு ஓடியதாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். படம் திரும்ப ஓடியது, கூட்டமும் சிரித்தது. ஆனால் கம்பினரின் நினைப்பு அங்கே தெளிவாகத் தெரிந்துவிட்டது. அவருக்கு அன்றைய கதாநாயகன் சாப்ளின் கிடையாது, கட்டடம்தான்.

அந்தக் கட்டடமே அவரைத் தின்றது. ஸ்டுடியோக்களின் சங்கிலிகளுக்கு வெளியே நின்ற தனி ஆளுக்குப் புதிய நல்ல படங்கள் கிடைக்கவில்லை. அதே வருட இறுதிக்குள் கம்பினர் திவாலானார், அரங்கம் மூடப்பட்டு, கை மாறித்தான் மறுபடி திறந்தது. தயாரிப்பவரே திரையிடவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களைப் பிரிக்க 1948 ஆனது. கம்பினருக்கு அது 17 வருடம் தாமதம். 1931 இறுதியில் திறந்த சின்ன ராக்ஸியோடு (நியூயார்க்கின் ராக்ஸி வேறு, இது வேறு) பிராட்வேயில் கட்டுவது முடிந்தது.

அதே 1931இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘சிட்டி லைட்ஸ்’ திறப்பு விழா முடிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 26 அன்று, பிராட்வேயின் வடக்கே நடந்து போகும் தூரத்தில், பிளாசா சதுக்கத்தைக் குடியேற்ற அதிகாரிகளும் போலீசும் சுற்றி வளைத்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்த சுமார் 400 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் மெக்சிகர்கள். வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பழி அவர்கள்மேல் விழுந்த காலம் அது. அடுத்த சில வருடங்களில் கலிஃபோர்னியாவிலிருந்து ஏராளமான மெக்சிகக் குடும்பங்கள், அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டன. அதுவரை மெயின் தெருவில் ஹிடால்கோ போன்ற ஸ்பானிய மொழி அரங்குகள் நாடகமும் பாட்டுமாகச் செழித்திருந்தன. அந்த ரசிகர் கூட்டமே சிதறிப்போனது.

இருபது வருடம் கழித்துப் பிராட்வேயைக் காப்பாற்றியது அதே மக்கள்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிப்பாய்களும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இரவு பகலாகப் பிராட்வேயை நிரப்பினார்கள். போர் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. நெடுஞ்சாலைகள் வந்தன, புறநகர் வீடுகள் வந்தன, தொலைக்காட்சி வந்தது. வெள்ளையர் நடுத்தர வர்க்கம் நகர மையத்தை விட்டு நகர்ந்தது. 1961இல் பசிபிக் எலக்ட்ரிக்கின் கடைசி வண்டியும், 1963இல் நகருக்குள் ஓடிய கடைசி டிராமும் நின்றன. வழக்கமான கதை ‘வீழ்ச்சி’ என்று சொல்லும் இடம் இதுதான்.

ஆனால் அப்போது பிராட்வே நடைபாதையில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஃபிராங்க் ஃபூசே என்ற அரங்க நடத்துநர், ஸ்பானிய மொழி நிகழ்ச்சிகளை மில்லியன் டாலருக்குக் கொண்டுவந்தார். மெக்சிக சினிமாவின் பொற்காலம் அது. படம் முடிந்ததும் திரை மேலே ஏறும். மேடையில் பாட்டு, நகைச்சுவை, ஆட்டம், மரியாச்சி இசைக்குழு. ‘வாரியெதாதெஸ்’ என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் செத்துப்போன வாடெவில், அதே தெருவில், அதற்கென்றே கட்டிய மேடைகளில் ஸ்பானிய மொழியில் மறுபடி உயிரோடு எழுந்து நின்றது. கான்டின்ஃப்ளாஸ், மரியா ஃபெலிக்ஸ், டோலோரெஸ் டெல் ரியோ, இசையமைப்பாளர் அகுஸ்டின் லாரா, பிற்காலத்தில் விசென்டே ஃபெர்னாண்டெஸ், ஹுவான் காப்ரியேல் என்று அந்த மேடையில் ஏறாத மெக்சிக நட்சத்திரம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, பக்கத்திலேயே கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, குடும்பத்தோடு மில்லியன் டாலருக்கு வருவார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் டிராமில் வந்தவர்கள் செய்த அதே காரியம். டிராம் போய்ப் பேருந்து வந்திருந்தது, அவ்வளவுதான்.

பேருந்து இங்கே முக்கியம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்கூடங்களுக்கும் போகிறவர்கள் வண்டி மாறும் இடம் டவுன்டவுன். கார் இல்லாதவர்களுக்கு நகரத்தின் நடு இடம் அப்போதும் பிராட்வேதான். 1970களில் தெரு நெடுக ஸ்பானிய மொழிப் படங்கள், அல்லது ஸ்பானிய எழுத்தோட்டத்தோடு ஆங்கிலப் படங்கள். திருமண உடைக் கடைகள், நகைக் கடைகள், இசைத்தட்டுக் கடைகள். மதிய நேரத்தில் நடைபாதையில் தோள் இடிக்காமல் போக முடியாது. ‘கைவிடப்பட்ட டவுன்டவுன்’ என்று எழுதியவர்கள் யாரை ஆள் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இனி, இடிபடாமல் தப்பிய காரணத்துக்கு வருவோம். அமெரிக்க நகரங்களில் பழைய அரங்கம் இடிபடுவது பெரும்பாலும் அது நஷ்டத்தில் ஓடியதால் மட்டும் நடப்பதில்லை. அது நிற்கும் நிலத்துக்கு யாரோ பெரிய விலை தரத் தயாராக இருக்கும்போதுதான் நடக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தப் பணம் வேறு திசையில் போனது. பிராட்வேக்கு அடுத்த தெருவான ஸ்பிரிங் தெருதான் வங்கிகளின் தெரு. 150 அடி உயர வரம்பு 1950களில் நீங்கியதும், வங்கிகள் மேற்கே பங்கர் ஹில் பக்கம் போய் அங்கே வானளாவிகளைக் கட்டின. அதற்காகப் பங்கர் ஹில் குன்றின்மேல் இருந்த பழைய மர வீடுகளையும் அவற்றில் குடியிருந்த ஏழைகளையும் துடைத்தெடுத்தார்கள். அதாவது, புல்டோசர் இந்த நகரத்துக்கும் வந்தது. மேற்கே கொஞ்சம் தள்ளி வேலை பார்த்தது. பிராட்வேயின் நிலத்தை யாரும் கேட்டு வரவில்லை.

கேட்டு வந்த இடத்தில் என்ன ஆனது என்பதற்குக் கிராமனின் மெட்ரோபாலிடனே சாட்சி. நகரத்திலேயே மிகப் பெரிய அந்தத் திரையரங்கை, அலுவலக கோபுரம் கட்டப்போகிறோம் என்று 1960களின் தொடக்கத்தில் இடித்தார்கள். கோபுரம் எழவில்லை. பல வருடம் அந்த இடம் கார் நிறுத்தும் வெற்று மனையாகக் கிடந்தது.

மற்றொரு காரணம், நான் முன்னால் கவனிக்கச் சொன்ன அந்தக் கட்டட அமைப்பு. பிராட்வேயில் தரைத்தளக் கடைகளுக்குத் தேவை குறையவே இல்லை. தெருவைப் பார்த்த நாலடிக் கடைக்குக்கூட நல்ல வாடகை வந்தது. மேல்மாடி அலுவலகங்கள் காலியாகி, புறாக்கள் குடியேறிய பிறகும், கீழ்த்தள வாடகையே உரிமையாளருக்குப் போதுமானதாக இருந்தது. கட்டடத்தைச் சரிசெய்ய அவசியமில்லை, இடிக்கவும் அவசியமில்லை. அலட்சியமும் வாடகையும் சேர்ந்து ஒரு தெருவையே பதப்படுத்தி வைத்துவிட்டன. அந்த வாடகையைக் கட்டிய கடைகளை வாழ வைத்தவர்கள் ஸ்பானியம் பேசும் வாடிக்கையாளர்கள். கம்பினர் பார்த்து ஆசைப்பட்ட சான் ஃபிரான்சிஸ்கோ ஃபாக்ஸ் போய்விட்டது. அதைப் பார்த்து அவர் கட்டியது நிற்கிறது.

இந்த ஏற்பாடும் 1980களில் தளர்ந்தது. வீடியோ கேசட் வந்தது. ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி வலுத்தது. 1982இல் மெக்சிகோவின் நாணயமான பெசோ சரிந்து, அந்த நாட்டுச் சினிமாத் துறையும் கூடவே நொடித்தது. வசதி கூடிய லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் புறநகருக்குப் போய், அங்கே உள்ள பல திரை வளாகங்களில் படம் பார்க்க ஆரம்பித்தன. இதே தெருவின் குளோப் அரங்கம் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சில்லறைச் சந்தையானது. கேமியோ 1991இல் மூடியபோது, 1910 முதல் 80 வருடம் தொடர்ந்து படம் காட்டிய அரங்கமாக இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டரில் தினசரிக் காட்சிகள் 1994இல் நின்றன. மில்லியன் டாலரிலும் ஸ்டேட்டிலும் ஸ்பானிய மொழித் தேவாலயங்கள் குடிவந்தன. யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸை 1980களின் கடைசியில் தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜீன் ஸ்காட் எடுத்துக்கொண்டு, ‘இயேசு ரட்சிக்கிறார்’ என்ற பெரிய நியான் பலகையை அதன் கூரையில் நிறுத்தினார். தேவாலயங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இரண்டாயிரம் இருக்கையை நிரப்பக்கூடியவர்கள் அப்போது அவர்கள் மட்டுமே. கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவர்களும் அவர்களே.

வருமானத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது: படப்பிடிப்பு. ‘பிளேட் ரன்னர்’ படத்தில் மில்லியன் டாலரின் முகப்பு விளக்குகள் தெரியும். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பாடல் படத்தில் அவர் வெளியே வரும் தியேட்டர் வாசல் பேலஸ். பழைய மாளிகை, ஓபரா அரங்கம், ஐரோப்பிய ஹோட்டல் என்று எது வேண்டுமென்றாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டருக்குள் கேமரா போகும். படம் காட்டக் கட்டிய இடம், படமாக்கப்படும் இடமாகிப் பிழைத்தது.

1987இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கன்சர்வன்சி என்ற பாதுகாப்பு அமைப்பு, ‘லாஸ்ட் ரிமெய்னிங் சீட்ஸ்’ என்ற பெயரில் கோடைக்காலங்களில் இந்த அரங்குகளில் பழைய படங்களைத் திரையிடத் தொடங்கியது. பல வருடமாக டவுன்டவுன் பக்கமே வராதவர்களை உள்ளே கூட்டி வந்தது அதுதான். காலி அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்ற வழி செய்யும் சட்டத்தை 1999இல் நகராட்சி நிறைவேற்றியதும், டவுன்டவுனில் மறுபடி ஆட்கள் குடியேறினார்கள். ஆர்ஃபியத்தை அதன் உரிமையாளர் குடும்பமே புதுப்பித்தது. 1928இல் பொருத்திய ஊர்லிட்சர் ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி இன்றும் அங்கே வாசிக்கும் நிலையில் இருக்கிறது. 2008இல் நகராட்சி பிராட்வேயை மீட்கத் தனித் திட்டம் போட்டது. 2013இல் ரியால்டோ என்ற இன்னொரு அரங்குக்குள் துணிக்கடை. 2014இல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கட்டடத்தில் ஏஸ் ஹோட்டல். 2021இல் டவர் தியேட்டருக்குள் ஆப்பிள் கடை. சுவர்ச் சித்திரங்களையும் பால்கனியையும் நன்றாகவே மீட்டிருக்கிறார்கள். இருக்கைகள் இருந்த இடத்தில் மேசைகள், மேசைமேல் ஃபோன்கள்.

இந்தத் திட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மீட்பது என்று சொல்லும்போதெல்லாம் 1931க்குப் போகிறார்கள். அந்த வருடத்து வண்ணம், அந்த வருடத்து விளக்கு. 1950 முதல் 1990 வரை இந்த அரங்குகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களின் அடையாளம் எதையும் மீட்க வேண்டிய பொருளாகப் பார்ப்பதில்லை. வாடகை ஏற ஏறத் திருமண உடைக் கடைகளும் இசைக் கடைகளும் தெருவை விட்டுப் போயின. அந்த வாடிக்கையாளர்களும் கூடவே போனார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்த கூட்டம் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. ஏஸ் ஹோட்டல் பத்தே வருடத்தில், 2024 ஜனவரியில் மூடியது. அதன் அரங்கம் மட்டும் யுனைடெட் தியேட்டர் என்ற பெயரில் கச்சேரிகளுக்குத் தொடர்கிறது.

ஐந்தாம் தெருவுக்கும் ஆறாம் தெருவுக்கும் நடுவே ராக்ஸி, கேமியோ, ஆர்கேட் மூன்றும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பல வருடங்களாக அவற்றின் லாபிகள் சில்லறைக் கடைகளாகவே ஓடின. கைப்பேசி உறை, சட்டை, பெட்டி வாங்க உள்ளே போகிறவர்கள் மிதிப்பது திரையரங்கின் தரை. கடையின் பின்சுவர் வரை சரக்கு அடுக்கியிருக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் பால்கனி, மேடை வளைவு, 1910இல் படம் ஓட்டிய அறை எல்லாம் இருட்டில் அப்படியே இருக்கின்றன.